ஃபோட்டோஷாப் ஆக்‌ஷன்: தென்காசி ஸ்டுடியோவிலிருந்து ஒரு மதிப்புரை

ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா ஏன் கட்டுகிறாய் என்று யாராவது கேட்டால், நான் காட்டுவது ஆக்‌ஷன் பேனலைத்தான். ஏஐ வசதிகள் அப்புறம்தான். 1996-ல் நான்காம் பதிப்போடு வந்த இந்தப் பேனல் இன்றும் பெரிதாக உருமாறாமல் அதே இடத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஆல்ட் விசையோடு எஃப்9 தட்டினால் திறக்கும். கீழே ஒரு வட்ட பட்டன். அதை அழுத்தினால் சிவப்பாகும். அதிலிருந்து நாம் செய்கிற பெரும்பாலான வேலைகளை அது குறித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டு வேறொரு படத்தைத் திறந்து ப்ளே கொடுத்தால் அதே வரிசையில் எல்லாவற்றையும் செய்து முடிக்கும். இருக்கிற வசதி இவ்வளவுதான். ஆனால் நம் ஊர் ஸ்டுடியோக்களில் இதைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர். கடைக்காரர்களிடமிருந்து பத்தாயிரம் ஆக்‌ஷன் கொண்ட தொகுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒன்றுகூட ரெக்கார்டு செய்யாதவர்கள் அதைவிட நிறைய. அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுடையது தென்காசியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. தினமும் பாஸ்போர்ட் சைஸ் படம், தேர்வு விண்ணப்பத்துக்கு அப்லோடு, ஜூன் ஜூலையில் பள்ளி ஐடி கார்டு, வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் கல்யாண ஆல்பம். நாலு வேலையிலும் ரசனை தேவைப்படும் நேரம் கொஞ்சம். மீதி நேரமெல்லாம் ஒரே மெனு, ஒரே எண், ஒரே ஓகே. ஆக்‌ஷன் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பது அந்த மீதி நேரத்தை.

பாஸ்போர்ட் படத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு இதில்தான் தெளிவாகத் தெரியும். 35 × 45 மிமீ படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413 × 531 பிக்சல். நாங்கள் பிரிண்ட் எடுக்கும் 4 × 6 அங்குலத் தாள் 1800 × 1200 பிக்சல். அகலத்தில் நாலு, உயரத்தில் இரண்டு, ஆக எட்டுப் படம் உட்காரும். வெட்டுவதற்கு இடைவெளி வேண்டுமே. அதனால் ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் வெள்ளை விட்டு 435 × 555 ஆக்குகிறேன். நாலு மடங்கு அகலம் 1740, இரண்டு மடங்கு உயரம் 1110. அதைக் கேன்வாஸ் சைஸில் 1800 × 1200 ஆக விரித்தால் ஓரங்களிலும் சமமாக இடம் கிடைத்துவிடுகிறது. மெல்லிய சாம்பல் கோடு, லேயர் (படத்தின் அடுக்கு) பிரதி, 435 பிக்சல் வலப்புறம் தள்ளுதல், மறுபடி பிரதி, கீழ் வரிசை, எல்லா லேயரையும் ஒன்றாக்கும் ஃப்ளாட்டன், எஸ்ஆர்ஜிபி நிறமுறை: எல்லாம் ரெக்கார்டு. எஃப்5 விசையில் வைத்திருக்கிறேன். முகத்தை நடுவில் வைத்து க்ராப் செய்வது மட்டும் என் கை. அதை ஆக்‌ஷனில் சேர்க்கவே மாட்டேன். ஒருவர் கொண்டையோடு வருவார், ஒருவர் கழுத்தைச் சாய்த்து உட்காருவார். உச்சந்தலையிலிருந்து தாடை வரை எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்னணியை வெள்ளையாக்க செலக்ட் சப்ஜெக்ட் என்ற கட்டளையையும் ஆக்‌ஷனுக்குள் போடலாம். ஒவ்வொரு படத்திலும் ஆளைப் புதிதாகக் கண்டுபிடித்துத் தேர்வு செய்யும். நல்ல வசதிதான். ஆனால் எங்கள் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் தலையில் மல்லிகை வைத்திருப்பார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைப் பூ. தேர்வின் ஓரம் பூவைக் கடித்துக்கொண்டு போய்விடும். காதுக்குப் பின்னால் சுருண்டிருக்கும் முடியும் போகும். அதனால் தேர்வு முடிந்த இடத்தில் இன்ஸெர்ட் ஸ்டாப் என்று ஒரு நிறுத்தம் வைத்து, ‘பூ, காது, முடி பார்’ என்று அதற்குள்ளேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆக்‌ஷன் அங்கே வந்ததும் நின்று அந்த வரியைக் காட்டும். பின்னணியை மறைக்கும் மாஸ்க்கில் கை வைத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி ப்ளே கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த நிறுத்தம் வைக்கும் வசதியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் பேனலிலேயே மதிப்பு மிகுந்தது இதுதான்.

அடுத்தது தேர்வு விண்ணப்பம். வங்கித் தேர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் கடை வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள்.

“அக்கா, போட்டோ அம்பது கேபிக்குள்ள இருக்கணுமாம். கையெழுத்து இருபதுக்குள்ள. நெட் சென்டர்ல ஏத்துனா எடுக்கமாட்டேங்குது.”

“கீழ எவ்வளவு இருக்கணும்னு போட்டிருக்கான், பார்த்தியாம்மா?”

“கீழயா?”

கோளாறு பெரும்பாலும் அங்கேதான். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது புகைப்படம் 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி; கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி; இடது கட்டைவிரல் ரேகை 240 × 240, 20 முதல் 50 கேபி; கைப்பட எழுதிய உறுதிமொழி 800 × 400, 50 முதல் 100 கேபி. 140 × 60 என்பது அவ்வளவு சின்னப் படம். சுருக்கிச் சுருக்கி அனுப்பினால் 10 கேபிக்குக் கீழே விழுந்துவிடும், தளம் ஏற்காது. சேவ் ஃபார் வெப் வழியில் போனால் படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல்களையெல்லாம் கழற்றிவிட்டு இன்னும் இளைக்க வைக்கும். கையெழுத்துக்கு மட்டும் சாதாரண சேவ் வழியில், தரத்தை உச்சத்தில் வைத்துச் சேமிப்பது என் வழக்கம்.

இந்த நாலுக்கும் நாலு ஆக்‌ஷன். அளவு மாற்றுவது, கொஞ்சம் ஷார்ப்பன் செய்வது எல்லாம் தானாக நடக்கும். சேமிக்கும் படிக்கு வந்ததும் பெட்டி திறந்து காத்திருக்கும். ஆக்‌ஷனின் பெட்டி திறக்கக்கூடிய ஒவ்வொரு படிக்கும் இடப்பக்கம் ஒரு சின்னப் பெட்டிச் சின்னம் உண்டு. அதைத் தட்டி வைத்தால் அந்தப் படியில் மட்டும் ஃபோட்டோஷாப் நம்மிடம் கேட்டுவிட்டுத்தான் நகரும். கேபி எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்த்துத் தரத்தை ஒன்று ஏற்றியோ இறக்கியோ ஓகே கொடுக்கிறேன். சட்டை நிறம், பின்னணி, முகத்தின் நுணுக்கம் இவற்றைப் பொறுத்து ஒரே தரத்தில் சேமித்தாலும் கோப்பு அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ரெக்கார்டில் விட முடியாது.

அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம். இணையத்தில் ஏற்ற 600 முதல் 1200 பிக்சல், 240 கேபிக்குள். அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். அது அபூர்வமாகத்தான் ஓடும், ஆனால் ஓடும் நாளில் அளவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இனி, புதிதாக ரெக்கார்டு செய்கிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘என் படத்தில் ஓடியது, அடுத்த படத்தில் ஓடவில்லை’ என்ற புகாரைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் சொல்கிறது. ஆக்‌ஷன் சில படிகளை எண்ணாகக் குறித்துக்கொள்கிறது, சிலவற்றைக் கட்டளையாகக் குறித்துக்கொள்கிறது. கர்வ்ஸ் திறந்து வளைவை இழுத்தால் அந்த வளைவு அப்படியே பதிவாகும். இருட்டான மண்டபப் படத்துக்கு இழுத்த வளைவை வெயிலில் எடுத்த படத்தில் போட்டால் முகம் வெளுத்துப் போகும். ஆட்டோ டோன் என்றால் ‘ஆட்டோ டோன் செய்’ என்ற கட்டளைதான் பதிவாகும். ஒவ்வொரு படத்தையும் பார்த்து அதற்கேற்ற மாதிரி கணக்குப் போடும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இடங்களும் அப்படியே. ரூலரின் அலகு பிக்சலில் இருக்கும்போது ஓர் எழுத்தையோ தேர்வையோ வைத்தால் மேல் மூலையிலிருந்து இத்தனை பிக்சல் என்று பதிவாகும். சின்னப் படத்தில் அது எங்கோ போய் விழும். ரெக்கார்டு அழுத்தும் முன் அலகைச் சதவீதத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்டுடியோ பெயரை வாட்டர்மார்க்காகப் போடுகிறவர்கள் இந்த ஒன்றைச் செய்தாலே நிறைய மனவருத்தம் குறையும்.

லேயர் பெயர் இன்னொரு பொறி. பேக்கிரவுண்டு என்ற லேயரை மவுஸால் தட்டினால் அந்தப் பெயரே பதிவாகிவிடும். வாட்ஸப்பில் வந்த பிஎன்ஜி படத்தில் அந்தப் பெயரில் லேயர் இருக்காது, ஆக்‌ஷன் அங்கேயே நின்றுவிடும். மவுஸைத் தொடாமல் ஆல்ட் விசையோடு கமா தட்டினால் ‘அடியிலிருக்கும் லேயர்’, ஆல்ட் விசையோடு முற்றுப்புள்ளி தட்டினால் ‘எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் லேயர்’ என்று பதிவாகும். பெயர் என்னவாக இருந்தாலும் ஓடும். தொடக்கத்தில் ஒரு ஃப்ளாட்டன் வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

சேவ் ஏஸ் படியில் கோப்பின் பெயரும் ஃபோல்டரும் சேர்ந்தே பதிவாகும். அதை அப்படியே நானூறு படத்துக்கு ஓட்டினால் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி, கடைசியில் ஒரே ஒரு படம்தான் மிஞ்சும். இதற்கு மருந்து, ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே ஆக்‌ஷனை ஓட்டும் பேட்ச் பெட்டியிலேயே இருக்கிறது: ஓவர்ரைடு ஆக்‌ஷன் சேவ் ஏஸ் கமாண்ட்ஸ் என்ற டிக். அதைப் போட்டால் ஃபோல்டரையும் பெயரையும் பேட்ச் பெட்டியில் சொன்னபடி எடுத்துக்கொண்டு, ஜேபிஜி தரத்தை மட்டும் ஆக்‌ஷனிலிருந்து எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு டிக்கை விளக்கிச் சொல்லாத எந்தப் பயிற்சியும் முழுமையான பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஐடி கார்டுக்கு ஆக்‌ஷன் மட்டும் போதாது, பட்டியலைப் பார்த்துப் பெயரையும் படத்தையும் மாற்றிப் போடும் வேரியபிள்ஸும் சேர வேண்டும். பிவிசி கார்டின் அளவு 85.6 × 54 மிமீ, ஏடிஎம் கார்டு அளவேதான். 300 டிபிஐயில் 1011 × 638 பிக்சல். ஒரு பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) டிசைன் செய்து, மாணவர் பெயர், தந்தை பெயர், வகுப்பு, ரத்த வகை, தொலைபேசி எண் என்று ஒவ்வொரு எழுத்து லேயருக்கும் இமேஜ் மெனுவில் வேரியபிள்ஸ் போய் ஒரு பெயர் கொடுக்கிறேன். படம் இருக்கும் லேயருக்குப் பிக்சல் ரீப்ளேஸ்மென்ட். பள்ளியிலிருந்து வரும் எக்ஸல் தாளைச் சிஎஸ்வி (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆக்கி இறக்கினால் ஒவ்வொரு வரியும் ஒரு டேட்டா செட். எக்ஸ்போர்ட் கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு பிஎஸ்டி என்று கொட்டிக்கொண்டே இருக்கும். அவற்றை ஜேபிஜி ஆக்கித் தாளில் அடுக்குவது மறுபடி ஆக்‌ஷன் வேலை. படங்களைப் பள்ளியின் சேர்க்கை எண்ணிலேயே பெயரிட்டு வைத்தால் பெயர்க் குழப்பமே வராது. ஒரே வகுப்பில் மூன்று முத்துலட்சுமி இருந்தாலும் படம் மாறாது.

தமிழில் பெயர் போடும் பள்ளிகள் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள், ஆனால் அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். யூனிகோடு தமிழ் என்றால் ஃபோட்டோஷாப்பின் ப்ரெஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்றோ வேர்ல்ட்-ரெடி என்றோ தேர்வு இருக்கும் பதிப்புகளில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். பொன்னுத்தாய் யாரென்றே தெரியாமல் போவார். சிஎஸ்வியை எக்ஸலில் யூடிஎஃப்-8 வகையில் சேமித்து, இறக்கும்போதும் எழுத்துக் குறியீட்டை அதே வகைக்கு மாற்ற வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து தரும் பள்ளிகளும் இன்னும் உண்டு. அதில் வேறொரு சங்கடம். பாமினியில் இ என்ற எழுத்து கமா விசையில் இருக்கிறது. அதாவது கோப்புக்குள் அது வெறும் கமா. சிஎஸ்வியில் கமா என்றால் அடுத்த கட்டம். எங்கள் பக்கம் இசக்கிமுத்து, இசக்கியம்மாள் இல்லாத வகுப்பு கிடையாது. நோட்பேடில் கையால் தட்டிய பட்டியலாக இருந்தால் அந்தப் பிள்ளையின் வரி முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்து, தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிப் பெயரும், ரத்த வகை இடத்தில் வகுப்பும் போய் உட்காரும். எக்ஸலிலிருந்து சேமித்தால் அதுவே மேற்கோள் குறி போட்டுக் காப்பாற்றிவிடும். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், கமாவுக்குப் பதில் டேப் வைத்துப் பிரித்த கோப்பாகவே சேமிக்கிறேன். ஃபோட்டோஷாப் அதையும் ஏற்றுக்கொள்ளும். முகவரியில் வரும் கமாக்களுக்கும் அதுவே தீர்வு. ஒரு குழந்தையின் கழுத்தில் ஆண்டு முழுவதும் தொங்கப் போகிற அட்டையில் அதன் ரத்த வகை தப்பாக இருக்கக் கூடாது. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு அட்டையையும் பட்டியலோடு வைத்துப் பார்க்கும் வேலையை எந்த ஆட்டோமேஷனிடமும் நான் ஒப்படைத்ததில்லை.

கல்யாண ஆல்பத்தில் ஆக்‌ஷனின் பங்கு வேறு மாதிரி. 12 × 36 ஷீட் ஒன்று 300 டிபிஐயில் 10800 × 3600 பிக்சல். புதிய ஷீட் திறப்பதற்கே ஓர் ஆக்‌ஷன்: அளவு, எஸ்ஆர்ஜிபி, ஓரத்தில் வெட்டுக்கு விட வேண்டிய கைடு, 50 சதவீதத்தில் மடிப்புக் கைடு. மடிப்புக் கோடு கண்முன் இருந்தால் தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் மூக்கு மடிப்பில் போய் விழாது. முடிந்த ஷீட்களை லேபுக்கு அனுப்புவதற்கு இன்னொன்று: ஃப்ளாட்டன், 8 பிட், ஜேபிஜி தரம் 12. இதற்கு இமேஜ் ப்ராசஸர் என்ற ஸ்கிரிப்டே போதும். ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டி, ஜேபிஜியா டிஃபா என்று சொல்லி, அளவுக்கு உச்சவரம்பு கொடுத்து, தேவைப்பட்டால் ஓர் ஆக்‌ஷனையும் சேர்த்து ஓட்டலாம். பேட்ச் பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

வாடிக்கையாளர் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சின்னப் பிரதிகள் கொடுப்போம் அல்லவா, அதில் நெட்டுப் படமும் குறுக்குப் படமும் கலந்திருக்கும். ஃபிட் இமேஜ் என்ற கட்டளையை ரெக்கார்டு செய்தால் எந்தப் பக்கம் நீளமோ அதை அளவுக்குள் கொண்டுவந்துவிடும். இரண்டுக்கும் வேறு வேறு சட்டகம் போட வேண்டுமானால் இன்ஸெர்ட் கண்டிஷனல். ‘படம் குறுக்காக இருந்தால் இந்த ஆக்‌ஷன், இல்லாவிட்டால் அந்த ஆக்‌ஷன்’ என்று ஒரே படியில் சொல்லிவிடலாம். முன்பெல்லாம் படங்களை இரண்டு ஃபோல்டராகப் பிரித்து உட்கார்ந்திருப்போம். இப்போது அந்த வேலையே இல்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கல்யாணத்தின் நிறத்தைச் சரிசெய்ய ஆக்‌ஷனை நம்பாதீர்கள். அதற்கு நிறத்திருத்த மென்பொருள்களான லைட்ரூம் அல்லது கேமரா ரா. ஒரே வெளிச்சத்தில் எடுத்த வரிசையில் ஒரு படத்தைச் சரிசெய்து மற்றவற்றுக்கு சிங்க் கொடுப்பது ஆக்‌ஷனைவிட வேகம், பிறகு திருத்துவதும் எளிது. மண்டபத்தில் மேடைக்கு ஒரு விளக்கு, பந்திக்கு ஒரு விளக்கு, வரவேற்புக்கு ஊதாவும் பச்சையுமாக எல்இடி. எல்லாவற்றையும் ஒரே ஆக்‌ஷனில் தள்ளினால் மஞ்சள் தேய்த்த முகமும் பட்டுப்புடவையின் அரக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போகும்.

இந்த இடத்தில் விலைக்கு வரும் ஆக்‌ஷன் தொகுப்புகளைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் நல்லவையும் உண்டு. பழைய பிலிம் நிறம், ஓரம் இருட்டாக்குவது போன்றவற்றைப் பிரித்துப் பார்த்து நான் கற்றதும் உண்டு. எந்த ஆக்‌ஷனின் பக்கத்திலும் உள்ள அம்பைத் தட்டினால் உள்ளே இருக்கும் படிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும், அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் பல தொகுப்புகளில் முதலில் விளம்பரப்படுத்தப்படுவது முகத்தை வெள்ளையாக்கும் ஆக்‌ஷன். ஒரே தட்டில் பருவும் போகும், மச்சமும் போகும், அந்தப் பிள்ளையின் சொந்த நிறமும் போகும். அடையாளப் படத்தில் மச்சத்தை அழிப்பது அடையாளத்தையே அழிப்பது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணை மட்டும் வெளுக்க வைத்தால், பக்கத்தில் நிற்கும் அவளுடைய அப்பா அம்மாவின் நிறத்தோடு அவள் ஒட்டமாட்டாள். இருபது வருஷம் கழித்து அந்த ஆல்பத்தைத் திறக்கும் மகளுக்குத் தன் அம்மாவின் முகம் கிடைக்க வேண்டும். எங்கள் கணினியில் அந்த வகை ஆக்‌ஷன் ஒன்றுகூட இல்லை. கேட்டு வருகிறவர்களிடம் வெளிச்சத்தைச் சரிசெய்து தருகிறேன், நிறத்தை மாற்றமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் வெளிச்சம் சரியான படத்தைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்பதில்லை.

குறைகள் இல்லையா? உண்டு. ஆக்‌ஷன் முடிந்தபின் ஒருமுறை கண்ட்ரோல் இசட் தட்டினால் கடைசிப் படி மட்டும்தான் திரும்பும். முப்பது படிகளையும் திருப்ப அதையே திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஹிஸ்டரி பேனலில் ஏறிப் போக வேண்டும். படிகள் அதிகமானால் தொடக்கமே அங்கிருந்து நழுவிப் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு ஆக்‌ஷனின் முதல் படியாகவும் ஹிஸ்டரியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி ரெக்கார்டு செய்யுங்கள், ஒரே தட்டில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். சிலர் இமேஜ் டூப்ளிகேட் செய்யச் சொல்வார்கள். ஒற்றைப் படத்துக்குச் சரி, பேட்சில் வேண்டாம். படங்கள் மூடப்படாமல் குவிந்து மெமரி தீரும்.

பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கோப்பு கெட்டுப்போயிருந்தால் மொத்த வரிசையும் அங்கேயே நின்று ஓகே கேட்கும். இரவு ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எரர்ஸ் என்ற இடத்தில் ‘கோப்பில் எழுது’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், பிழையைக் குறித்துக்கொண்டு மற்றதை முடித்து வைக்கும். பிழைச் செய்திகளின் ஆங்கிலம் புதியவர்களுக்குப் புரியும்படி இருக்காது. எந்தப் படியில் நின்றது என்று பேனலைப் பார்ப்பதே விரைவான வழி. ஆக்‌ஷன் பேனலின் ப்ளேபேக் ஆப்ஷன்ஸில் ஸ்டெப் பை ஸ்டெப் என்று ஓட்டினால் ஒவ்வொரு படியின் விளைவையும் திரையில் காட்டிக்கொண்டே போகும், தவறு எங்கே என்பது கண்ணில் படும். ஒரு படியின் எண்ணை மாற்ற ஆக்‌ஷனையே திரும்ப ரெக்கார்டு செய்ய வேண்டியதில்லை. அந்தப் படியை இருமுறை தட்டினால் பெட்டி திறக்கும், புதிய எண்ணைக் கொடுத்தால் போதும்.

கடையில் உதவிக்கு இருக்கும் தம்பிக்கு ஃபோட்டோஷாப் அவ்வளவாகத் தெரியாது. அவனுக்காகப் பேனலைப் பட்டன் மோடில் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் பச்சை, ஐபிபிஎஸ் நீலம், விசா சிவப்பு என்று நிறம் கொடுத்தாகிவிட்டது. அந்த மோடில் எதையும் திருத்தவோ அழிக்கவோ முடியாது என்பது இன்னொரு பாதுகாப்பு. எப்போதும் ஒரே மாதிரி நடக்கும் வேலைக்கு ட்ராப்லெட் செய்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரை இழுத்து அதன்மேல் போட்டால் ஃபோட்டோஷாப் தானே திறந்து வேலையை முடிக்கும்.

சந்தா கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு: அளவு மாற்றுவதும் பெயர் மாற்றுவதும் மட்டும்தான் வேலை என்றால் இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளே போதும். பி விசையைத் தட்டினால் பேட்ச் பெட்டி வந்துவிடும், பழைய கணினியிலும் பறக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம்; கடையில் வைத்தால் உரிமம் வாங்குங்கள். 2025 வரை தனி மென்பொருளாக வந்த அஃபினிட்டி ஃபோட்டோவில் ஆக்‌ஷன் போன்ற மேக்ரோ இருந்தது, பேட்ச் ஜாப் இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. கிம்ப் இலவசம், ஆனால் செய்வதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ரெக்கார்டர் அதில் இல்லை, ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் ஆட்டோமேஷன் கைகொடுக்கும். தினமும் பாஸ்போர்ட், விண்ணப்பம், ஐடி கார்டு, ஆல்பம் என்று நாலையும் ஒரே மேசையில் பார்க்கிறவர்களுக்கு ஃபோட்டோஷாப்பின் ஆக்‌ஷன், வேரியபிள்ஸ், பேட்ச் மூன்றும் சேர்ந்து கொடுப்பதை வேறொன்று கொடுத்து நான் பார்க்கவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைப்பது அந்த அன்டூவுக்காக.

கடைசியாக ஒரு வேலை, இன்றே செய்யுங்கள். புதிதாக ரெக்கார்டு செய்த ஆக்‌ஷன்களை ஃபோட்டோஷாப் ஒழுங்காக மூடப்படும்போதுதான் தன் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனால் அன்று ரெக்கார்டு செய்தது போய்விடும். ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்காமல் அது இருக்கும் செட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் சேவ் ஆக்‌ஷன்ஸ் என்ற வரி மெனுவில் மங்காமல் தெரியும். வரும் ஏடிஎன் கோப்பை ஒரு பென் டிரைவிலும் மெயிலிலும் போட்டு வையுங்கள். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டே அதே வரியைத் தட்டினால், எல்லாப் படிகளும் எண்களோடு வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும். அதைத் திரும்ப ஏற்ற முடியாது, படிக்கத்தான். ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு அதுவே முதல் நாள் பாடம்.